பாயசம் தீர்ந்த ஊரும் ராஜாவின் மலையேற்றமும்

பேரென்னவோ வீரகேசரி மகாராஜா. ஓணானைக் கண்டால் நடுங்குவார். அவரைப் போய் வைத்தியர் தினமும் மலையேறச் சொல்லிவிட்டார். தனியாகப் போனால் புதர் அசைந்தாலே வேர்த்துக் கொட்டி, பாதியில் திரும்பிவிடுவார். சபையோரைக் கூட்டிக்கொண்டு போனாலோ, ஒருத்தர் மூட்டுவலியைச் சொல்லி அழுவார், இன்னொருத்தர் மருமகளைத் திட்டுவார். ராஜாவுக்குக் காது புளித்துவிட்டது.

சபையில் விகடம் பேசும் கொண்டல்ராயரைக் கவிழ்க்கத் தளவாய் உக்கிரசேனர் சமயம் பார்த்திருந்தார். "இதற்கு ராயர்தான் வழி சொல்லணும், பிரபு" என்று மெல்லக் கொளுத்திப் போட்டார்.

"ஓய் ராயரே" என்றார் ராஜா. "நாளைக் காலை நான் தனியாகவும் மலையேறணும், கூட்டத்தோடும் ஏறணும். ரெண்டும் ஒரே நேரத்தில். முடியாவிட்டால் மலை உச்சியில் விளக்கேற்றும் வேலை உமக்கு. ஆயுசுக்கும் தன்னந்தனியாக."

ராயரோ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே காய்ச்சல் வருகிற மனிதர். உச்சியில் பாறையோடா பேசுவது? தலையை வாங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது.

யோசித்தவர் நேரே பக்கத்து ஊரான குருவித்துறைக்கு ஓடினார். அங்கே ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோய்ச் சண்டை. சம்பந்திகளில் ஆரம்பித்து, மாமன் மச்சான், அண்ணன் தம்பி என்று பரவி, இப்போது ஊரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும் உட்பட. ராயர் வீடு வீடாகப் போய், "உம்ம எதிராளி நாளைக்கு ராஜாவோடு மலையேறப் போறாராம். நீர் வரலையா?" என்றார். அவ்வளவுதான்.

விடிந்ததும் ஊரே திரண்டு வந்தது. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியது. மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வழியில் ஓணான் ஒன்று குறுக்கே ஓடியது. இத்தனை பேர் இருக்கிற தைரியத்தில் ராஜா அதை முறைத்தே பார்த்தார். முதல் தடவையாக உச்சியைத் தொட்டார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "இது வெறும் கூட்டம், பிரபு. தனிமை எங்கே இருக்கிறது?"

"அவர்களையே கேளுங்கள்" என்றார் ராயர்.

தளவாய், கல்யாணப் பெண்ணின் தகப்பனாரைப் பிடித்தார். "யாரோடு வந்தீர்?"

"தனியாத்தான் வந்தேன்."

"பக்கத்தில் நிற்கிறாரே, இவர்?"

"பக்கத்தில் யாருமில்லையே."

மாப்பிள்ளையின் தகப்பனாரும் அதையேதான் சொன்னார். ஊர் முழுக்க, ஒருத்தர் பாக்கியில்லாமல், தனியாகத்தான் வந்திருந்தது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி ராயருக்குப் போட்டார். பிறகு மனசு இளகி, "பாவம் இந்த ஜனங்கள். அரண்மனையில் அண்டா நிறையப் பாயசம் வைத்து இவர்களைச் சமாதானம் பண்ணிவிடுவோமா?" என்றார்.

ராயர் மாலையைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார்.

"இதை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் பிரபு. நாளைக்கும் மலையேறணுமே, பாயசம் மட்டும் வைத்துவிடாதீர்கள்."