பல்லக்கில் போன பருத்திக்கொட்டை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் கொள்ளைநோய் வந்தது. எந்த நாடு என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், விடுங்கள். நோய் தணிந்து ஆட்கள் நடமாடத் தொடங்கியும் சந்தைகள் திறக்கவில்லை. வெளியூர் ஆடுமாடு கோட்டைக்குள் நுழையவும் தடை நீங்கவில்லை. பாலும் விற்கவில்லை, ஆடும் விற்கவில்லை, தீனி வாங்க வழியில்லை. அரசர் மனமிரங்கி, ஆடுமாடு வளர்ப்பவர்களுக்குப் பருத்திக்கொட்டையும் பொன்னும் கொடுக்கச் சொன்னார்.

ஓலை எழுதியவர் களஞ்சிய அதிகாரி மார்த்தாண்டர். 'அரண்மனைக்குக் கால்நடையோடு வருவோர்க்கே நிவாரணம்' என்று ஒரே வரி. மாட்டோடு வந்தால் வாசலில் தடை. மாடில்லாமல் வந்தால் நிவாரணம் இல்லை. கோட்டைக்குள்ளேயே தொழுவம் வைத்திருந்தவர்கள் மார்த்தாண்டரும் அவருடைய கூட்டாளிகளும்தான். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்.

விகடகவி வெயிலுகந்தானுக்கு இது கோட்டை வாசலில்தான் தெரிந்தது. மூன்று காதம் நடந்து வந்த பேச்சி என்ற ஆட்டுக்காரியைக் காவலர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர்.

"நாப்பது உருப்படி பட்டினி கெடக்கு சாமி. அதிகாரியோட ஆளு ஆட்டுக்கு அரைப்பணம் தாரேங்கான். இன்னைக்குத் தீனி கெடைக்கலன்னா குடுத்துட்டுத்தான் போவணும்" என்றாள்.

வெயிலுகந்தான் நேரே சபைக்குப் போய், வாசலில் கண்டதை அரசரிடம் சொன்னான்.

அரசருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முத்திரை விழுந்த ஓலையில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டார். மார்த்தாண்டர் அதை நன்றாக அறிந்தவர். விகடகவிக்கு அவ்வளவு இரக்கமென்றால், ஓலையையும் மாற்றாமல், ஓர் ஆட்டையும் உள்ளே விடாமல் அவனே வழி காட்டட்டும், முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும் என்று தூபம் போட்டார். அரசருக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. மாலைக்குள் செய்து காட்டும்படி ஆணையிட்டார்.

மாலையில் பேச்சியும் மற்றவர்களும் ஆடுமாடுகளைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்கையோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். எதிரே மார்த்தாண்டர் கூட்டம் பல்லக்குகளில் வந்திறங்கியது. பின்னால் கொழுத்த மாடுகள்.

பேச்சி நின்ற பக்கம் காட்டி, இவர்களுடைய கால்நடை எங்கே என்று அரசர் கேட்டார்.

"இவர்கள் பாதங்களைப் பார்த்தருள வேண்டும் அரசே. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் நமக்கு இல்லை. கால்நடை என்று சேர்த்தும் படிக்கலாம், கால் நடை என்று பிரித்தும் படிக்கலாம். இவர்கள் மூன்று காதமும் கால் நடையோடு வந்தவர்கள்" என்றான் வெயிலுகந்தான்.

அரசர் ஓலையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். புழுதி படிந்த பாதங்களைப் பார்த்தார். பல்லக்குகளையும் பார்த்தார்.

"பிரித்தே படிப்போம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்த்தாண்டருக்கு முகம் செத்துப்போயிற்று. களஞ்சியம் திறந்தது. விகடகவிக்கு என்ன பரிசு வேண்டும் என்று அரசர் கேட்க, அவன் மார்த்தாண்டரின் பல்லக்கைக் கேட்டான்.

இருட்டுவதற்குள் அந்தப் பல்லக்கு பருத்திக்கொட்டை மூட்டைகளைச் சுமந்துகொண்டு கோட்டை வாசலைத் தாண்டியது. பேச்சி முன்னால் வழிகாட்டிப் போனாள். மார்த்தாண்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அரசர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்படியே வாரும் மார்த்தாண்டரே, உமக்கும் நிவாரணம் உண்டு!"