வாய்க்காலில் இறங்க ஓர் ஆள்

உழவு மானியம் பயிர் செய்கிறவருக்குத்தான் என்பது சட்டம். வாங்குவதோ நிலத்துக்காரர் சிதம்பரநாதர். அவர் இருப்பது டவுனில். உழுது நட்டு அறுப்பவள் குத்தகைக்காரி அஞ்சலை.

இந்த வருடம் வேளாண்மை அதிகாரி நேரிலேயே விசாரிக்க வந்தார். அன்று வாய்க்கால் தூர்வாரும் நாள். ஊரே மண்வெட்டியோடு கரையில் நின்றது.

"பயிர் பண்றது நான்தான் சார். என்ன அஞ்சலை, சொல்லேன்!" என்றார் டவுனிலிருந்து காரில் வந்திருந்த சிதம்பரநாதர்.

மறுத்தால் குத்தகை போய்விடும்.

"ஆமாங்க, அய்யாதான்" என்றவள், தன் மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள். "இறங்குங்கய்யா."

"நானா?"

"பயிர் பண்றவங்கதானே இறங்கணும்? கூலிக்கு ஆள் விட்டா அந்த வயலுக்குத் தண்ணி கிடையாது. ஊர்க் கட்டுப்பாடுங்க."

ஊர் தலையாட்டியது. சிதம்பரநாதர் இடுப்பளவு சேற்றைப் பார்த்தார். ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து தண்ணீர்ப்பாம்பு ஒன்று அவரைப் பார்த்தது.

"இவதான் சார் பயிர் பண்றா. இவ பேரையே எழுதிக்குங்க."

அதிகாரி எழுதி முடித்ததும் அஞ்சலை வாய்க்காலில் இறங்கினாள்.

"உன் குத்தகையைப் பிடுங்கிடுவேன்" என்று பல்லைக் கடித்தார் சிதம்பரநாதர்.

"தாராளமா எடுத்துக்குங்கய்யா" என்று சேற்றில் நின்றபடியே மண்வெட்டியை மறுபடி நீட்டினாள்.

கார் கிளம்பியது.