துரை சொன்ன ஒற்றை வார்த்தை

பூவாணி ஜமீன்தார் காதில் அமங்கலச் சொல் எதுவும் விழக்கூடாது. விளக்கு அணைந்தால் 'குளிர்ந்தது' என்று சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்தால் 'நிறைந்தது' என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சவுக்கடி.

ஜமீனைச் சுற்றிப் பார்த்த வெள்ளைக்கார துரை ஒருநாள், "ரூயின்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனார்.

"அதற்கு என்னய்யா அர்த்தம்?" என்று ஜமீன்தார் அதட்டினார். மொழிபெயர்க்க வேண்டிய துபாஷி சவுக்கைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற விளக்கேற்றும் ஒச்சம்மாவிடம் 'பாழ்' என்ற அர்த்தத்தைக் கிசுகிசுத்து, "நீயே எப்படியாவது சொல்லிடு, தாயி" என்று கெஞ்சினார்.

ஒச்சம்மா கும்பிட்டாள். "சாமி, ஊர்ல எல்லார் வீட்டுப் பானையும் நெறஞ்சு போச்சு. அடுப்பெல்லாம் குளிர்ந்து போச்சு. வரி கட்ட முடியாத சனமெல்லாம் 'போயிட்டு வர்றோம்'னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. அதைத்தான் துரை ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு."

ஜமீன்தார் முகம் சுண்டிப்போனது. "இத்தனை நாள் யாருமே சொல்லலையே!"

"சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம் சாமி, நீங்க சொல்லச் சொன்ன மாதிரி."

"போனவங்க எப்ப வருவாங்க?"

"அதுக்கு மங்கலமா ஒரு வார்த்தை இல்லீங்களே, சாமி."

ஜமீன்தார் சவுக்கை எடுத்துத் தன் கையாலேயே கிணற்றில் வீசினார். அதைப் பார்க்கத்தான் ஊரில் ஆள் இல்லை.