மூன்று துளை அலமாரி

அந்தக் காலத்தில், குருவி பேசினால் மனிதருக்கு விளங்கிய காலத்தில், ஒரு பங்குனி மாதம் கல்லாமுனைக் கடற்கரையில் பதினான்கு கொத்தனார்களும் ஒரே ஒரு தச்சரும் மாதா கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தச்சர் பெயர் தொம்மை ஆசாரி.

கடல் கடந்து வந்த சாமியார் ஒரு படம் காட்டியிருந்தார். அதில் ஜன்னலின் மேல்வளைவு நம் ஊர் வளைவுபோல உருண்டையாக இல்லை. கும்பிட்ட இரு கைகள்போல உச்சியில் கூராகச் சேர்ந்தது. கல் வளைவு இறுகும்வரை தாங்கி நிற்க அதே வடிவில் மரச்சட்டம் செய்வது தொம்மையின் வேலை. முப்பது வருஷம் உருண்டை வளைவே செய்து பழகிய கை. உச்சியில் இரண்டு மரமும் சேராமல் ஒரு சாண் இடைவெளி விழுந்துவிட்டது. முகப்பில் ஒரு பலகையை அடித்து அதை மறைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

சட்டத்தைக் கழற்ற வேண்டிய நாள் காலையில் ஏணி ஏறி உளியை வைத்தார். பலகை இடுக்கிலிருந்து ஒரு குருவி தலையை நீட்டியது.

“ஆசாரியாரே, மெள்ள. உள்ளே மூன்று முட்டை.”

“உன்னை யார் இங்கே கூடு கட்டச் சொன்னது?”

“நீர்தான் இடம் விட்டீர். வேறு எந்த ஆசாரி இவ்வளவு தாராளமாக விடுவார்?”

தொம்மைக்குச் சுருக்கென்றது.

“எத்தனை நாள் வேண்டும்?”

“பொரித்துப் பறக்க ஒரு மாதம்.”

“இன்னும் எட்டு நாளில் திருவிழா. இன்றைக்குக் கண்ணாடி ஏற்றாவிட்டால், அடுத்து வரும் மாதா பீட வேலையைச் சாமியார் வேறு ஊர் ஆசாரிக்குக் கொடுத்துவிடுவார்.”

“அப்படியானால் கழற்றும். எனக்குப் பறக்கத் தெரியும். முட்டைக்குத் தெரியாது.”

கீழிருந்து கொத்தனார் கஸ்பார் கத்தினார். “என்ன வே, குருவிக்குக் கதை சொல்லுதீரா?”

தொம்மை உளியை இடுப்பில் செருகிவிட்டு ரம்பத்தை எடுத்தார். கூட்டுக்குக் கீழே சட்டத்தைக் குறுக்கே அறுத்தார். கீழ்ப்பகுதி இறங்கி, கண்ணாடிக்கு இடம் விட்டது. உச்சி மட்டும் கல்லைக் கவ்விக்கொண்டு நின்றது. குருவி போய்வரப் பலகையில் ஒரு துளை போட்டார். ஒற்றைத் துளை, செய்த பிழையைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு போட்டார். மூன்றும் சேர்ந்து வில்வ இலைபோல ஆகிவிட்டது.

மாலையில் சாமியார் வந்து அண்ணாந்து நின்றார்.

“நான் காட்டிய படத்தில் இது இல்லையே. ஆனால் எங்கள் நாட்டுப் பழைய கோயில்களில் இதே மூவிலை உண்டு. உமக்கு யார் சொன்னது?”

“குருவி சொன்னது, சாமி.”

சாமியார் சிரிக்கவில்லை. “அங்கேயும் அதுதான் சொல்லியிருக்கும்” என்றார்.

பீட வேலை தொம்மைக்கே கிடைத்தது. மூன்று குஞ்சுகளும் பறந்தன. அந்த வருஷம் கல்யாணத்துக்கு அலமாரி செய்யச் சொல்ல வந்தவர்கள், கட்டில் கேட்டவர்கள், எல்லாரும் கோயில் ஜன்னலைக் கைகாட்டி, “அதுபோல வேணும்” என்றார்கள்.

அன்று முதல்தான் அந்தக் கரையில் அலமாரிக் கதவும் கட்டில் தலைமாடும் உச்சியில் கூராகச் சேர்கின்றன. கூருக்குக் கீழே மூன்று துளை இருக்கிறது. துளை இருக்கும் வீட்டுக்குள் குருவியும் கேட்காமல் நுழைகிறது. பேச்சைத்தான் விட்டுவிட்டது. இல்லை, கேட்பதை நாம் விட்டோமோ என்னவோ.

1971 மே 9 அன்று கோயில் ஜன்னலின் மர உச்சியைக் கழற்றிவிட்டுச் சிமெண்டில் வார்த்து வைத்தார்கள். பழைய மரத்துக்குள் குருவி அந்த மாதம்தான் கொண்டுவந்து வைத்த புது வைக்கோல் இருந்தது. புதியதிலும் மூன்று துளை விட்டார்கள்.