லைட் பீருக்குத் தொட்டுக்க என்ன?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது. எட்ட உட்கார்ந்தால் பாதி காற்றோடு போய்விடும்.

"லைட் பீருக்குத் தொட்டுக்க என்ன தங்கச்சி?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் சந்தியாகு கோமளத்தின் கடைக்குள் நுழைந்தார்.

கோமளம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் பீர்க்கடை வைத்திருந்தாள். அங்கே தட்டில் என்ன வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆளைப் பார்ப்பாள். பாட்டிலைப் பார்ப்பாள். தட்டு வரும். அது சரியாகத்தான் இருக்கும். பெரிய பெரிய சமையல்காரர்களே அவளிடம் வந்து யோசனை கேட்பார்கள்.

சந்தியாகுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவளைவிட இருபது வயது மூத்தவர். காலமெல்லாம் புதுச்சேரிச் சாராயக்கடையில் அடுப்படி அவருடையதுதான். அவர் ஈரல் வறுவலைத் தின்றவன் அழுதுகொண்டே இன்னொரு தட்டு கேட்பான்.

"யாருக்குண்ணே?" என்றாள் கோமளம்.

"என் தம்பி பஸ்கால். பிரான்ஸ்ல சொல்தாவா, அதான் சிப்பாயா இருந்தான். பட்டாளத்துச் சோறு தின்னுட்டு அங்கேயே தங்கிட்டான். ஞாயித்துக்கிழமை வரான். இதயத்துல ஏதோ ஆபரேஷனாம், லைட் பீர் தவிர எதையும் தொடக் கூடாதாம்."

"சரி."

"சரி இல்ல தங்கச்சி. அவன் பிரான்சுக்குப் போறதுக்கு முந்தின நாள் நான்தான் விருந்து வெச்சேன். பாதி கிளாஸ்ல எழுந்து போயிட்டான். என் காரம் தாங்கல அவனுக்கு. வாயில்லாப் பூச்சி, சொல்லவும் மாட்டான். அதுக்கப்புறம் எங்கூட உட்காரவே இல்ல. கிறிஸ்துமசுக்குப் போன் வரும். நான் பேசுவேன். அந்தப் பக்கம் 'ஆமாண்ணே' கேக்கும். அவ்வளவுதான்."

சந்தியாகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை கிளாஸ் காலியாகிற வரைக்கும் அவன் உட்காரணும். எங்க ரெண்டு பேருக்கும் இனி எத்தனை ஞாயித்துக்கிழமை இருக்கு, சொல்லு."



"நாளைக்கு உங்க கைமணம் எதுவோ அதைச் செஞ்சு கொண்டாங்க" என்றாள் கோமளம்.

மறுநாள் ஈரல் வறுவல் வந்தது. தூக்குச்சட்டியைத் திறந்ததும் அடுத்த மேசைக்காரன் தும்மினான்.

கோமளம் ஒரு கிளாசில் லைட் பீர் ஊற்றினாள். "தின்னுட்டுக் குடிங்க."

தின்றார். குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

இன்னொரு கிளாசில் பானைத் தண்ணீரை ஊற்றினாள். "இப்ப?"

தின்றார். குடித்தார். "இதுவும் அதே மாதிரிதான்."

"அண்ணே, சாராயத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கறாங்களே, எதுக்கு?"

"இது என்ன கேள்வி? நாக்குல சாராயம் நிக்கக் கூடாது. அடிச்சு விரட்டணும்."

"இந்த வாயில்லாப் பீர் உங்களை என்ன பண்ணிச்சு?"

சந்தியாகு தூக்கை மூடினார். அடுத்த மேசைக்காரன், "அதை இப்படிக் கொடுத்துட்டுப் போங்க பெரியவரே, எங்கிட்ட இருக்கறது பிராந்தி" என்றான்.

அதற்கும் மறுநாள் மிளகாய் இல்லாத கோழி வந்தது. மிளகாய் இல்லையே ஒழிய மற்றதெல்லாம் இருந்தது. இஞ்சி, புதினா, சோம்பு, தேங்காய்ப்பால், முந்திரி, பொரித்த வெங்காயம்.

கோமளம் ஒரு துண்டு வாயில் போட்டாள். நன்றாக மென்றாள்.

"நல்லா இருக்குண்ணே."

"அப்பாடா!"

"கல்யாண வீடு மாதிரி இருக்கு. பீர் எங்க உட்காரும்?"

சந்தியாகுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் கரண்டி பிடிச்சவன்தாம்மா. குத்தம் சொல்றது சுலபம். என்ன செய்யணும்னு சொல்லேன்!"

கோமளம் அவரை ஆற்றோரம் கூட்டிப்போனாள். ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். கிளாசில் பீரை ஊற்றி அவர் காதோரம் பிடித்தாள்.

"கேளுங்க."

"எதை? பீரையா? நல்ல கூத்து. சாராயக்கடையில ஒருத்தன் இருந்தான், இப்படித்தான் பாட்டில்கூடப் பேசுவான், அவன் பொண்டாட்டி ஒரு நாள் வந்து..."

அந்தப் பொண்டாட்டி கதை முடிவதற்குள் நுரை அடங்கிவிட்டது.

கோமளம் கிளாசை ஆற்றில் கொட்டினாள். மறுபடி ஊற்றினாள். "கேளுங்க."

"இந்த ஆத்துலதான் நானும் பஸ்காலும் சின்ன வயசுல குதிப்போம். அந்த மரம் இருக்கே, அப்ப அது என் இடுப்பு உசரம். ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..."

நுரை அடங்கியது. கொட்டினாள். ஊற்றினாள்.

"தங்கச்சி, வீணாப் போகுதே..."

மறுபடி கொட்டினாள். மறுபடி ஊற்றினாள்.

வாயைத் திறந்தால் கிளாஸ் ஆற்றுக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு சந்தியாகு வாயை மூடினார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சின்னச் சத்தம். குறுகுறுவென்று, நுரை ஒவ்வொன்றாக உடைகிற சத்தம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன வயதில் கோழிக்குடலைச் சணலில் கட்டி நண்டுக்காக இதே சேற்றில் விடுவார்கள். இவர் சணலை இழுப்பார், சின்னவன் கூடையைப் பிடிப்பான். நண்டோடு வீட்டுக்குப் போனால் அம்மா அதைப் பானையில் போட்டு மூடி வைப்பாள். வாயில் நுரை கக்கிக்கொண்டு நண்டுகள் உள்ளே கிடக்கும். குறுகுறுவென்று சத்தம் வரும். பஸ்கால் பானையில் காதை வைத்துக்கொண்டு அங்கேயே படுத்துக் கிடப்பான். 'அண்ணே, நண்டு பேசுது' என்பான். 'போடா கிறுக்கா' என்று இவர் தலையில் குட்டுவார்.

சந்தியாகு கண்ணைத் திறந்தபோது நுரை அடங்கியிருந்தது. இந்தத் தடவை கோமளம் கொட்டவில்லை.

"நண்டு" என்றார் சந்தியாகு. மெதுவாகத்தான் சொன்னார். "சேத்து நண்டு."

"அம்மா என்ன போடுவாங்க?"

"என்னத்தைப் போட? கல் உப்பு, மஞ்சள், ரெண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு ஆவியில வேகவைப்பா. வேற வாங்க வழி ஏது?"

"அது போதும்."

"கொஞ்சூண்டு மிளகு?"

கோமளம் அவரைப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழமாவது?"

"அறுத்துப் பக்கத்துல வைங்க. வேணும்னா அவரே பிழிஞ்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கும் நேரத்தில் பஸ்கால் கடைக்கு வந்தார். ஒல்லியான மனுசன். கையில் தொப்பி. நடை மெதுவாக இருந்தது. அண்ணனைக் கட்டிப்பிடித்தபோது தொப்பி கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

நண்டு வந்தது. சிவந்து, ஆவி பறக்க, வேறு எந்த வாசனையும் இல்லாமல் நண்டு வாசனையோடு வந்தது. பஸ்கால் ஒரு காலைப் பிய்த்து உறிஞ்சினார். பீரை ஒரு வாய் குடித்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"அண்ணே..." என்றார்.

"எப்படி இருக்கு? அம்மா செஞ்ச மாதிரியே இல்ல? ஏய், எல்லாரும் இங்க பாருங்கப்பா! இவன்தான் என் தம்பி! பிரான்ஸ்! நான் இல்லாட்டி இவன் போயிருப்பானா? பேப்பருக்கு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்! அப்ப மழைக்காலம் வேற..."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பஸ்கால் சிரித்தார். "ஆமாண்ணே" என்றார்.

சந்தியாகு மழைக்காலத்திலிருந்து ஆபீசுக்குப் போனார், ஆபீசிலிருந்து கப்பலுக்குப் போனார். எதிரே கிளாஸ் பாதியில் நின்றுவிட்டது. நுரை அடங்கிவிட்டது. பஸ்காலின் கை கீழே கிடந்த தொப்பியை மெல்லத் தேடியது.

சந்தியாகு அதைக் கவனிக்கவில்லை. அடுப்படியில் நின்ற கோமளம் கவனித்தாள்.

இருந்ததிலேயே பெரிய நண்டை எடுத்து வந்து சந்தியாகுவின் தட்டில் வைத்தாள். கொடுக்கு உடைக்காத முழு நண்டு. தட்டுவதற்குக் குழவி தரவில்லை.

"நீங்க இன்னும் ஒண்ணுமே சாப்பிடலையேண்ணே. கடிச்சுச் சாப்பிடுங்க."

சமையல்காரனுக்குத் தட்டில் வைத்ததை ஒதுக்க மனசு வராது. கொடுக்கைப் பல்லிடுக்கில் கொடுத்தார். அது லேசில் உடைகிற கொடுக்கா? ரெண்டு கையும் வேலையாக, வாயும் வேலையாக, கண்ணில் நீர் வர அதோடு மல்லுக்கட்டினார்.

கோமளம் பஸ்காலின் கிளாசில் மிச்ச பீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

மேசை அமைதியாக இருந்தது. நுரை குறுகுறுத்தது.

பஸ்கால் தலையைச் சாய்த்து, கிளாசில் காதை வைத்தார். தொப்பியைத் தேடிய கை திரும்பி வந்தது.

"அண்ணே, நண்டு பேசுது."

சந்தியாகுவால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

"அன்னிக்கு நீ வெச்ச விருந்து நல்லாத்தான் இருந்துதுண்ணே. காரமும் நல்லாத்தான் இருந்துது."

கொடுக்கு வாயில் இருக்க, சந்தியாகு அசையாமல் பார்த்தார்.

"நான் போகலண்ணே, இங்கயே உங்கூட அடுப்படியில நிக்கறேன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீ எல்லாரையும் கூப்பிட்டு என் பெருமையைப் பேசிக்கிட்டே இருந்தே. உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். நடுவுல எப்படிச் சொல்றது? ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சொல்லலாம்னுதான் போன் போடுவேன்."

கொடுக்கு உடைந்தது.

சந்தியாகு அதை எடுத்துத் தட்டில் வைத்தார். சொல்ல வேண்டியது ஆயிரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, எனக்கு எப்படித் தெரியும், உன் நல்லதுக்குத்தானேடா. வாயைத் திறந்தார்.

பஸ்கால் இன்னும் முடிக்கவில்லை. ஒரு வாய் குடிப்பதற்காகத்தான் நிறுத்தியிருந்தார்.

கோமளம் அடுப்படியிலிருந்து வந்து சந்தியாகுவின் தட்டில் இன்னொரு நண்டை வைத்தாள்.