இன்னொரு தடவை சொல்லுங்க

"ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்கிறாங்க, மேடம்."

தணிகாசலம் இதைச் சொன்னபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

பேராசிரியர் பூங்கோதை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மாணவரான தணிகாசலம்தான் இங்கே வயதில் மூத்தவர். கல்லூரி வேலையில் பாதி ஆயுளைக் கழித்தபின், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று வந்திருந்தார். தண்டவாளத்தில் ஆள் அடிபட்டு இறந்தால் ஊரே செத்தவரைப் பற்றிப் பேசுகிறது. வண்டியை ஓட்டியவர் மனசு என்ன ஆகிறது? அதுதான் ஆய்வு. நல்ல கேள்விதான். பதில்தான் கிடைக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதில். பழகிடுச்சு சார், பழகிடுச்சு சார்."

"நீங்க எங்க உட்காருவீங்க?"

"நேர் எதிர்லதான். கண்ணைப் பார்த்துப் பேசணும்னுதானே படிச்சிருக்கோம்?"

"எஞ்சின்ல டிரைவரும் துணை டிரைவரும் எப்படி உட்காருவாங்க?"

"பக்கத்துல பக்கத்துல. முன்னால பார்த்து."

"பேசிக்க மாட்டாங்களா?"

"பேசாம எப்படி? சிக்னல் தெரிஞ்சதும் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லுவார், இன்னொருத்தர் திருப்பிச் சொல்லுவார்."

"முகத்தைப் பார்த்தா?"

"இல்ல, மேடம்..." என்றார் தணிகாசலம்.

பூங்கோதை டீயைக் குடித்து முடித்தார். "வாங்க, போகலாம்."

ஜங்ஷனில் வெயில் சாய்ந்திருந்தது. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அடுத்த டியூட்டிக்குக் காத்திருந்தார்.

அவர் மனைவி தணிகாசலத்துக்குப் போன் செய்து அழுதிருந்தாள். "அந்த ஆக்சிடெண்டுக்கு அப்புறம் வீட்டுல ஒரு வார்த்தை பேசுறதில்ல சார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கார். உங்ககிட்டயாவது மனசைத் திறக்கறாரான்னு பாருங்க."

தணிகாசலம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. கிடைத்தது அதே கிளிப்பிள்ளைப் பதில்.

பூங்கோதை சவரிமுத்துவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். தணிகாசலத்துக்கு இடப்பக்கத்தைக் காட்டினார். அவர் ரெக்கார்டரை எடுக்கப் பைக்குள் கையை விட, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

மூவரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு பாசஞ்சர் வண்டி வந்தது, நின்றது, போனது.

"காது கேக்காதுன்னு அப்புறம்தான் சொன்னாங்க" என்றார் சவரிமுத்து.

பூங்கோதை அசையவில்லை.

"வளைவு திரும்பினதும் முதுகு தெரிஞ்சுது. வெள்ளை வேட்டி. ஹாரன்ல இருந்து கையையே எடுக்கல நான். கிழவர் பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்தார். கடைசில என்ன தோணுச்சோ, திரும்பினார்."

அவர் குரல் இறங்கியது.

"ஓடல சார். கையைக் காட்டினார். பஸ்ஸை நிறுத்துவாங்களே, அந்த மாதிரி. நிறுத்திருவேன்னு நம்பி நின்னார்."

தணிகாசலம் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். இத்தனை மாதம் நாயாய் அலைந்து கிடைக்காத ஒன்று, இதோ, தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"நான் அந்த நேரத்துல ஒண்ணு செஞ்சேன்" என்றார் சவரிமுத்து. "அதைத்தான் யாருகிட்டயும்..."

"ஐயா, ஒரு நிமிஷம்!" தணிகாசலம் பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்துவிட்டார். "பதிவு பண்ணாம விட்டுட்டேன். முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லுங்க, ப்ளீஸ்."

பூங்கோதை கண்களை மூடிக்கொண்டார்.

சவரிமுத்து திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தார். கருவியில் எரிந்த சிவப்பு லைட்டைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும்? விசாரணையில் எத்தனையோ தடவை சொன்ன மனுஷன்.

"வளைவைக் கடந்ததும் தண்டவாளத்தில் ஒரு முதியவர் நடந்து செல்வதைக் கண்டேன். தொடர்ந்து ஹாரன் அடித்தேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். வண்டி நிற்பதற்குள் மோதிவிட்டது."

"அப்புறம்?"

"ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னேன்."

"இல்லைங்கய்யா, நீங்க ஏதோ செஞ்சதா..."

"அவ்வளவுதான் சார்." சவரிமுத்து எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். "டியூட்டிக்கு நேரமாச்சு. வரேன் மேடம்."

அவர் பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கி, யார்டுப் பக்கம் நடந்து போனார். போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தணிகாசலம் கையைப் பிசைந்தார். அந்த மனைவி மறுபடி போன் செய்வாள். என்ன சொல்வது?

"முதல்லயே ஆன் பண்ணியிருக்கணும், மேடம்."

பூங்கோதை இன்னும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் முதல் தடவை சொன்னப்போ நீங்க எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"அவர் பார்த்ததைத்தான். தண்டவாளம்... அந்தக் கிழவர் கையைக் காட்டிக்கிட்டு நிக்கிறது எனக்கே தெரிஞ்சுது, மேடம்."

"ரெண்டாவது தடவை?"

தணிகாசலம் கையிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தார்.

"சிவப்பு லைட் எரியுதான்னு, மேடம்."