இரண்டு சொட்டு அசைடு

இருதயராஜுக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மெஹராஜ் அவரைவிட ஏழு வயது இளைய பெண்மணி. இருந்த வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் படிக்க வந்தவரை ஊரே கேலி செய்தபோது, "வாங்க சார்" என்று நாற்காலி போட்டவர் அவர்தான்.

முள்ளங்கி இனத்துச் செடி ஒன்றின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பெராக்சிடேஸ் என்ற நொதியை விளைவிப்பது இருதயராஜின் வேலை. எட்டு மாதம் மாரடித்து ஒரு சின்னக் குழாய் அளவு தேறியது. நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. நிறமில்லாத சாயத்தில் ஒரு சொட்டு விட்டால் கண்ணெதிரே நீலமாகும்.

அன்று நீலம் வரவில்லை. நான்கு முறை பார்த்தார். சாயம் வெறும் தண்ணீராகவே நின்றது.

"இதுல என்ன சேத்தீங்க சார்?" என்று கேட்டார் மெஹராஜ்.

"ஆஸ்பத்திரிக்கு அவசரமா கிளம்பினேன் மேடம். திரும்பி வர பத்து நாளாகும்னு தெரியும். பூஞ்சை பிடிச்சிடக் கூடாதேன்னு ரெண்டு சொட்டு அசைடு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். அலமாரியில் இருந்த பாதிக் கரைசல்களுக்கு, கிருமியை வளர விடாத அசைடு என்ற நச்சு உப்புதான் காவல். இந்த நொதிக்கு மட்டும் அது எமன். முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம்தான், பழக்கத்தில் கை தானாகச் சொட்டிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியவருக்கு அதில் என்ன ஆறுதல்?

மெஹராஜ் திட்டவில்லை. "அக்கா எப்படி இருக்காங்க?" என்றார்.

இருதயராஜின் மனைவி செலினுக்குக் கணையத்தில் புற்று. அதிகம் போனால் இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலினிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. குடல்புண் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"யாரும் உளறிடக் கூடாதுன்னு ஒருத்தரையும் உள்ள விடறதில்ல மேடம். அவ தங்கச்சி ரீத்தா தூத்துக்குடியிலேர்ந்து வந்தா. அவளுக்கு அழுகைய அடக்கத் தெரியாது. வாசலோட அனுப்பிட்டேன்."

"அக்கா ஒண்ணும் கேக்கலையா?"

"நேத்து கேட்டா." கையிலிருந்த குழாயை மேசையில் வைத்தார். "எல்லாருக்கும் என் மேல என்ன கோபம்னு கேட்டா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகையை அவருக்கும் அடக்கத் தெரியவில்லை.

"அவளைக் காப்பாத்தத்தானே மேடம் மறைச்சேன்? சொன்னா அந்த நிமிஷமே ஒடஞ்சிடுவா. நான் செஞ்சது தப்பா?"

மெஹராஜ் குழாயை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. ஒரு தூசு இல்லை, துளி கலங்கல் இல்லை.

"நல்லா சுத்தமா இருக்கு சார்," என்றார். "இன்னும் ஒரு வருஷம் வெச்சிருந்தாலும் பூஞ்சை பிடிக்காது."

இருதயராஜ் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வராந்தாவுக்குப் போய் ரீத்தாவுக்குப் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அத்தான்?"

"உடனே கிளம்பி வா ரீத்தா," என்றார். "அழுதாலும் பரவாயில்ல."